நருட்டோவில் ஒரு சிஸ்டைன்: நகல் ஓவியங்களைப் பார்க்கும் முறை

ஜப்பானின் ஷிகோகு தீவில், நருட்டோ நகரத்துக் கடலோரக் குன்று ஒன்றுக்குள் ஓட்ஸுகா கலை அருங்காட்சியகம் இருக்கிறது. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வரும் இடம் என்பதால் கட்டடத்தின் பெரும்பகுதியைக் குன்றுக்குள்ளேயே இறக்கிக் கட்டினார்கள். ஓட்ஸுகா மருந்துக் குழுமம் தன் 75ஆம் ஆண்டை ஒட்டி 1998 மார்ச் 21 அன்று அதைத் திறந்தது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கத்திய ஓவியங்கள். ஒன்றுகூட அசல் இல்லை. எல்லாம் பீங்கான் பலகையில் சுட்டெடுத்த நகல்கள். எல்லாம் அசலின் அளவு.

அசலே இல்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் கடைசி வார்த்தைதான்: அளவு. லியனார்தோவின் மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அதற்கு எதிர்ச்சுவரில் தொங்கும் வெரோனேசேயின் ‘கானாவில் திருமணம்’ 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். பரப்பளவில் ஏறத்தாழ 165 மடங்கு. கைபேசித் திரையில் இரண்டும் ஒரே அளவுதான். புத்தகத்தில் பக்கத்துக்கு ஒன்று. மறுமலர்ச்சி ஓவியங்களைப் படங்களில் பார்த்தே பழகியவர்களுக்கு எது கையில் எடுத்துப் பார்க்கச் செய்தது, எது ஒரு மண்டபத்தை ஆளச் செய்தது என்ற வேறுபாடே மனதில் பதிவதில்லை. அளவு மாறாத நகல் அந்த ஒரு குறையை முழுசாகத் தீர்க்கிறது. அளவை மாற்றிய நகல் அதே குறையை இன்னும் கூட்டுகிறது. அதனால் எந்த நகல் கண்காட்சிக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது விளக்க அட்டையில் அசலின் அளவு போட்டிருக்கிறதா, எதிரே தொங்குவது அதோடு ஒத்துப்போகிறதா என்பதை. கையில் இருக்கும் கைபேசியே போதும். அதன் நீளம் பெரும்பாலும் 15, 16 செ.மீ. மோனாலிசாவின் அகலம் மூன்றரைக் கைபேசிக்கு மேல் போனால் அது பெரிதாக்கிய படம்.

பீங்கானுக்கு வருவோம். ஓவியத்தின் புகைப்படத்தை நிறவாரியாகப் பிரித்து, சூட்டுக்குத் தாங்கும் பீங்கான் நிறமிகளால் ஒரு மாற்றுத்தாளில் அச்சிடுகிறார்கள். அந்தத் தாளிலிருந்து படம், முன்பே ஒருமுறை சுட்ட பலகையின் மேல் ஏறுகிறது. பிறகு ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் சூளை. வெளியே வந்ததும் கைவினைஞர்கள் அசலின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூரிகையால் நிறத்தைத் திருத்துகிறார்கள், தூரிகைத் தடம் தடிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் தடிப்பைக் கூட்டுகிறார்கள், மறுபடியும் சூளைக்கு அனுப்புகிறார்கள். ஒரே பலகை பலமுறை சூளை ஏறுவது உண்டு.

இதில் சிக்கல் எங்கே என்றால், சூளைக்கு முன் தெரியும் நிறம் வேறு, சூளைக்குப் பின் வரும் நிறம் வேறு. கோபால்ட் ஆக்சைடு கருப்பாகப் பூசப்பட்டு நீலமாக வெளியே வரும். ஆகவே பூசுகிறவர் கண்ணுக்குத் தெரிவதை நம்பிப் பூச முடியாது. வரப்போவதை மனக்கணக்கு போட்டுப் பூச வேண்டும். அவ்வளவு சூட்டில் நிலைத்து நிற்கும் சிவப்புகளும் குறைவு. பீங்கான் நகலின் தரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் நேராகச் செந்நிற ஆடைகளிடம் போகலாம்: மடிப்பின் மேட்டில் இருக்கும் சிவப்பும் பள்ளத்தில் இருக்கும் சிவப்பும் இரண்டு தனி நிறங்களாகப் பிரிந்து தெரிகின்றனவா, இல்லை ஒரே செங்கல் நிறமாகக் கலந்துவிட்டனவா? அடுத்தது நெளிவு. மண் காய்ந்து சுடும்போது சுருங்கும். சுருக்கம் ஒரே சீராக இல்லாவிட்டால் பலகை வளையும், பக்கத்துப் பலகையோடு படம் பொருந்தாது. இவர்கள் செய்யும் ஒரு பலகையின் உச்ச அளவு 3 மீட்டருக்கு 90 செ.மீ. சுவர் நிறைக்கும் ஓவியங்களில் அதனால் இணைப்புக் கோடுகள் கட்டாயம் தெரியும். முதல் ஐந்து நிமிடம் கண் அந்தக் கோட்டிலேயே போய் நிற்கும், அதன்பின் பழகிவிடும். புகைப்படத்தில் பார்க்கும்போதுதான் அந்தக் கோடுகள் மிகவும் உறுத்துகின்றன, நேரில் அவ்வளவு இல்லை.

குன்றடியில் உள்ள நுழைவாயிலில் இருந்து நீண்ட நகரும் படிக்கட்டு நேரே நிலத்தடி மூன்றாம் தளத்துக்கு ஏற்றிவிடும். அங்கே எடுத்த எடுப்பில் சிஸ்டைன் மண்டபம். வத்திக்கானில் உள்ள அசல் சிஸ்டைன் சிற்றாலயம் 40.9 மீட்டர் நீளம், 13.4 மீட்டர் அகலம், 20.7 மீட்டர் உயரம். அதன் கூரை ஓவியங்களை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரையிலும், பலிபீடச் சுவரின் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தை 1536 முதல் 1541 வரையிலும் வரைந்தார். நருட்டோவில் இந்தக் கூரையையும் பலிபீடச் சுவரையும் வளைவோடு செய்திருக்கிறார்கள். வளைவு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர் ஊராகப் போகும் சிஸ்டைன் கண்காட்சிகளில் இதே ஓவியங்கள் தட்டையான துணியில் அச்சாகி, கண்மட்டத்தில் தொங்கும். அந்தக் கண்காட்சிகளுக்கும் ஒரு பயன் இருக்கிறது: 20 மீட்டர் கீழே நின்று தெரியாத விரல் நுனியும் கண் இமையும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். ஆனால் யோனா தீர்க்கதரிசியைத் தட்டையில் பார்த்துப் பயனில்லை.

யோனா பலிபீடத்துக்கு நேர் மேலே, சுவரும் கூரையும் கூடும் முக்கோணப் பரப்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பரப்பு மேலே போகப் போக நம்மை நோக்கி முன்னால் வளைந்து வருகிறது. அவருடைய மார்பும் தலையும் பின்னால் சாய்வதாகவும் கால்கள் நம்மை நோக்கி நீள்வதாகவும் வரைந்திருக்கிறார் மைக்கேலாஞ்சலோ. அதாவது பின்னால் சாயும் உடல், நமக்கு மிக அருகே வளைந்து வரும் பரப்பில் இருக்கிறது. முன்னால் நீளும் கால்கள், நமக்குத் தள்ளியிருக்கும் பரப்பில். சுவர் ஒரு பக்கம் போக, வரைந்த உடல் அதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. அவர் வாழ்நாளிலேயே இதைக் கண்டு ஓவியர்கள் வியந்தார்கள். தட்டையான அச்சில் இது வெறுமனே ஒரு மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படம். வளைந்த பரப்பில் பார்க்கும்போதுதான் கண் ஏமாறுவது புரியும். நருட்டோவில் இரண்டு பக்கமும் நகர்ந்து நின்று பாருங்கள். பக்கவாட்டில் போகப் போக வளைவு தெரிந்து, சாய்வு குறையும்.

கூரையின் நடுவே வரும் 9 ஆதியாகமக் காட்சிகளை எந்த வரிசையில் பார்ப்பது என்பதும் முக்கியம். கதை வரிசை பலிபீடத்திலிருந்து வாசலை நோக்கிப் போகிறது: ஒளியும் இருளும் பிரிவதில் தொடங்கி நோவாவின் போதையில் முடிகிறது. வரைந்த வரிசை நேர் எதிர். வாசல் பக்கம் நோவாவில் தொடங்கினார். அங்கே ‘பெருவெள்ளம்’ காட்சியில் சின்னச் சின்ன உருவங்கள் கும்பலாக இருக்கின்றன. அது ஏறக்குறைய ஒரு மாத வேலை. பாதிக் கூரை முடிந்து 1511இல் சாரம் பிரித்துக் கீழிருந்து பார்க்கக் கிடைத்தது. அதற்குப் பின் வரைந்த பாதியில் உருவங்கள் பெரியதாகி, எண்ணிக்கை குறைந்து, கை வேகமாகிவிட்டது. ஒளியையும் இருளையும் பிரிக்கும் கடவுளை ஈரச் சாந்து காய்வதற்குள் ஒரே நாளில் முடித்திருக்கிறார். அச்சுக் கண்காட்சிகள் படங்களைக் கதை வரிசையில் மாட்டும். அங்கே கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி நடந்தால், ஒரு சிற்பி நான்கு வருடத்தில் சுவரோவியம் கற்றுக்கொண்ட வேகம் கண்முன்னே விரியும். இதைவிடப் பெரிய பாடம் அந்தக் கண்காட்சிகளில் இல்லை என்பது என் எண்ணம்.

நருட்டோவின் நிலத்தடி இரண்டாம் தளத்தில் பெரும்பாலும் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களும், அதற்கு அடுத்து வந்த பரோக் பாணி ஓவியங்களும். அங்கே லியனார்தோவின் ‘கடைசி இராவுணவு’ இரண்டு முறை இருக்கிறது, எதிரெதிர்ச் சுவர்களில். ஒன்று பழுதுபார்ப்புக்கு முந்தைய நிலை, மற்றது பிந்தைய நிலை. 460 செ.மீ. உயரமும் 880 செ.மீ. அகலமும் கொண்ட அசல், மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் உள்ளது. ஈரச் சாந்தில் வரையும் வழக்கத்தை விட்டு, காய்ந்த சுவரில் டெம்பராவும் (முட்டைக்கருவில் குழைத்த வண்ணம்) எண்ணெயும் கலந்து வரைந்தார் லியனார்தோ. நிறுத்தி, யோசித்து, திருத்தி வரைய அது வசதி. ஆனால் வண்ணம் சுவரோடு ஒட்டாமல், அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1652இல் சுவரில் ஒரு வாசலை வெட்டியதில் இயேசுவின் பாதங்கள் போயின. 20 ஆண்டுக்கும் மேல் நீடித்து 1999இல் முடிந்த பழுதுபார்ப்பில், பினின் பிரம்பில்லா பார்சிலோனும் அவர் குழுவும் பிற்காலத்தவர் மேலே பூசியிருந்ததை அகற்றினார்கள். அடியில் எதுவுமே மிஞ்சாத இடங்களை மங்கலான நீர்வண்ணத்தால் மட்டும் நிரப்பினார்கள்.

அந்த அறையில் நடுவே நின்று தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும் எவருக்கும் முதலில் ஒரு குழப்பம் வரும். பழுதுபார்த்த பின் ஓவியம் அழிந்துவிட்டது போலத் தோன்றும். முன்னதில் முகங்கள் நிறைவாக, கருமையாக, அழுத்தமாக இருக்கின்றன. பின்னதில் வெளிறி, இடையிடையே வெறுமையாக. அந்த நிறைவு லியனார்தோவுடையது அல்ல என்பதுதான் விஷயம். ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு நாலைந்து முறை மாறி மாறிப் பாருங்கள். தாடியின் ஓரம், உதட்டின் பிளவு, மேசை விரிப்பின் மடிப்பு, தட்டின் விளிம்பு: பின்னதில் குறைவாக இருக்கும் இடங்களில் எல்லாம் கோடு கூர்மையாக இருக்கும். மிலானில் உள்ளே இருக்க 15 நிமிடம்தான் தருவார்கள், அங்கே பழைய நிலையைப் பார்க்கவும் வழியில்லை. இந்த ஒப்பீடு நகலால் மட்டுமே நடக்கக்கூடியது.

இதே ஓவியத்துக்கு 1520ஐ ஒட்டி லியனார்தோவின் வட்டத்தைச் சேர்ந்த ஜியாம்பியெத்ரீனோ துணியில் செய்த நகல் ஒன்று லண்டன் ராயல் அகாதமியில் இருக்கிறது. மேல்பகுதி வெட்டுப்பட்டு 298 செ.மீ. உயரம், 770 செ.மீ. அகலமாக நிற்கிறது. மிலான் சுவரில் இல்லாத இயேசுவின் பாதங்கள் அதில் இருக்கின்றன. யூதாசின் கை தட்டிச் சாய்த்த உப்புக் கிண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. மிலானில் பழுதுபார்த்தவர்கள் இந்த நகலை வைத்துத்தான் பல இடங்களைச் சரிபார்த்தார்கள். நகல் என்றாலே தாழ்வு என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைக்கலாம்.

நருட்டோவில் எல் கிரேக்கோவின் பலிபீட அடுக்கு ஒன்றும் உண்டு: பலிபீடத்துக்குப் பின்னால் ஒரே சட்டத்துக்குள் அடுக்கிய பல ஓவியங்கள். மாட்ரிட்டில் ஒரு கல்லூரி ஆலயத்துக்காக 1596 முதல் 1600 வரை வரைந்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் அந்தப் படச்சட்டம் அழிந்து, படங்கள் சிதறிவிட்டன. அதைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் ஆறில் ஐந்து பிராடோ அருங்காட்சியகத்தில், ஒன்று புக்கரெஸ்டில். நருட்டோவில் ஆறையும் பொன்னிறச் சட்டத்துக்குள் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடுக்கின் அமைப்பு ஆய்வாளர்களின் ஊகம், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் எல் கிரேக்கோவின் உருவங்கள் ஏன் இப்படி மேல்நோக்கி நீள்கின்றன என்பது, தலைக்கு மேல் மூன்றாள் உயரத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

இனி நகலால் முடியாதவை. முதல் இடம் தங்கத்துக்கு. 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பலகை ஓவியங்களில் வெள்ளைச் சாந்தின் மேல் செம்மண் பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். ஜென்டிலே தா ஃபப்ரியானோ 1423இல் முடித்த ‘ஞானியர் வணக்கம்’ ஃபிளாரன்ஸ் உஃபீட்சியில் இருக்கிறது. அதில் இளைய அரசரின் காலடியில் ஒரு பணியாள் குனிந்து, குதிரைச் சவாரிக்காகக் குதிகாலில் கட்டும் குதிமுள்ளைக் கழற்றுகிறான். அந்தக் குதிமுள் வரைந்தது அல்ல. சாந்தைப் புடைப்பாக எழுப்பித் தங்கம் ஒட்டியது. அசலின் முன் தலையை ஒரு சாண் அசைத்தால் குதிமுள்ளின் மேல் வெளிச்சம் ஓடும், கிரீடத்தில் போய் நிற்கும், மறுபடி நகரும். அச்சில் தங்கம் என்பது மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் கலந்த மை. புகைப்படக்காரர் விளக்கு வைத்த இடத்தில் பளபளப்பு உறைந்துபோய், நாம் எங்கே நின்றாலும் அங்கேயே இருக்கும். எந்த நகல் கண்காட்சியிலும் தங்கம் வரும் படத்தின் முன் இப்படி அசைந்து பாருங்கள். நகல் எதை இழந்தது என்பது அரை நிமிடத்தில் தெரியும்.

எண்ணெய் வண்ணத்தின் ஆழமும் அப்படித்தான். கண்ணாடி போன்ற மெல்லிய வண்ணப் பூச்சுகள் வழியாக ஒளி உள்ளே போய் அடித்தளத்தில் பட்டுத் திரும்புவதால் வரும் நிறம் அது. அச்சில் நிறம் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது.

நம்மில் பலருக்கு அருகில் வாய்ப்பது துணியில் அச்சிட்ட கண்காட்சிகள்தான். அங்கே தவறு நேர்வது பெரும்பாலும் அச்சுக்குக் கொடுக்கும் படக்கோப்பில். கணக்கு எளிது. போத்திசெல்லியின் ‘வசந்தம்’ 203 செ.மீ. உயரம், 314 செ.மீ. அகலம். அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற கணக்கில் அசலின் அளவில் அச்சிட 11,988 × 18,543 புள்ளிகள், அதாவது 22 கோடிக்கும் மேல் வேண்டும். 2 கோடிப் புள்ளி கொண்ட சாதாரணக் கேமராப் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 44 புள்ளிதான் கிடைக்கும். ஒரு புள்ளி 0.58 மி.மீ. நல்ல பார்வை உள்ளவர் 2 மீட்டருக்கு உள்ளே வந்ததும் படம் குழையத் தொடங்கும். புல்வெளியில் போத்திசெல்லி தனித்தனியாக வரைந்த பூக்கள் பச்சைத் திட்டுகளாகிவிடும். அதே கேமராப் படத்தில் மோனாலிசாவை அச்சிட்டால் அங்குலத்துக்கு 175 புள்ளி வரும், அரை மீட்டரில் நின்று பார்த்தாலும் குறை தெரியாது. ஆகவே இத்தகைய கண்காட்சியில் சின்னப் படங்களுக்கு அருகே போங்கள், பெரிய படங்களுக்குத் தள்ளி நில்லுங்கள்.

சின்னப் படத்திலும் சோதிக்க ஒரு இடம் உண்டு. வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபீனி தம்பதி ஓவியத்தில் பின்சுவரில் ஒரு குவிகண்ணாடி. அதன் சட்டத்தைச் சுற்றி விரல்நகத்தைவிடச் சிறிய 10 வட்டங்கள், ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. அந்த வட்டங்களுக்குள் உருவங்கள் பிரிந்து தெரிந்தால் நல்ல கோப்பு. வெறும் புள்ளிகளாகத் தெரிந்தால் இணையத்தில் இறக்கியது.

துணி அச்சில் இன்னும் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, துணியை மரச்சட்டத்தில் இழுத்து மடிக்கும்போது படத்தின் ஓரமே பக்கவாட்டில் போய்விடுவது. பக்கத்துக்கு 4 செ.மீ. என்றாலும், 60 செ.மீ. அகலமுள்ள ஆர்னோல்ஃபீனியில் 8 செ.மீ. காணாமல் போகிறது, எட்டில் ஒரு பங்குக்கும் மேல். சட்டத்தின் பக்கத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும். இரண்டாவது, துணியின் நெசவு. ‘வசந்தம்’ பாப்லர் மரப்பலகையில் வரைந்தது, அதன் பரப்பு வழவழப்பானது. ‘வீனஸின் பிறப்பு’ துணியில் வரைந்தது. இரண்டையும் ஒரே துணியில் அச்சிட்டு மாட்டும்போது ‘வசந்தத்தின்’ முகங்களில் இல்லாத நெசவு வந்து உட்காருகிறது. சுவரோவியத்துக்குப் பளபளப்பான மெருகு பூசுவது இதைவிடப் பெரிய தவறு. சுண்ணச் சுவர் ஒளியைச் சிதறடிக்கும், கண்ணாடி போலத் திருப்பி அடிக்காது.

அளவு சரி, பரப்பு சரி, இடமும் சரி என்று மூன்றும் கூடிய நகல் ஒன்று வெனிஸில் இருக்கிறது. ‘கானாவில் திருமணம்’ ஓவியத்தை 1562–63இல் வெரோனேசே வரைந்தது சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்தின் உணவுக்கூடத்துக்காக. அந்தக் கூடம் பல்லாதியோ வடிவமைத்தது. 1797இல் நெப்போலியனின் படைகள் அதைக் கழற்றிப் பாரிஸுக்குக் கொண்டுபோயின. கலைப்படைப்புகளுக்கு நகல் செய்யும் ஃபாக்டும் ஆர்தே நிறுவனம் லூவ்ர் மூடியிருந்த இரவுகளில் ஓவியத்தைத் தொடாமல் துண்டு துண்டாகப் பதிவு செய்து, சாந்து பூசிய லினன் துணியில் அச்சிட்டு, இணைப்புகளைக் கையால் திருத்தி, 2007 செப்டம்பர் 11 அன்று பழைய சுவரிலேயே மாட்டியது. அங்கே பார்க்கும்போது ஓவியத்துத் தூண்கள் கூடத்தின் கட்டடத்தோடு தொடர்கின்றன, ஓவியத்து ஒளி சன்னல் ஒளியோடு சேர்கிறது. பாரிஸில் அதைவிடத் தாழ்வாகத் தொங்கும் அசலுக்கு இந்தத் தொடர்ச்சி இல்லை. அசலை லூவ்ரில் பார்த்தவர்கள் வெனிஸுக்கும் போக வேண்டும். மடத்தைப் பராமரிக்கும் ஜோர்ஜோ சீனி அறக்கட்டளையின் வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்தால் உள்ளே விடுவார்கள்.

நருட்டோவுக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு: உள்ளே முழுப் பாதையும் ஏறத்தாழ 4 கி.மீ. நடை. காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள், திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. கோபே, ஓசாகா பக்கமிருந்து அகாஷி பாலம் வழியாகப் பேருந்து உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது. பலகைகளை மெதுவாகத் தொட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். சுவரோவியத்தின் சொரசொரப்பையும் எண்ணெய் ஓவியத்தின் வழவழப்பையும் விரலால் ஒப்பிடலாம். நிலத்தடி மூன்றாம் தளத்தில் சிஸ்டைனுக்கு 20 நிமிடம் கொடுத்துவிட்டு, ஜோத்தோவின் ஸ்க்ரோவேஞ்ஞி ஆலய நகலுக்குள் நுழையுங்கள். பாதுவாவில் அசலைப் பார்ப்பவர்கள் முதலில் 15 நிமிடம் ஈரப்பதம் சீராக்கும் அறையில் காத்திருந்து, பிறகு ஏறக்குறைய அதே நேரம்தான் உள்ளே இருக்க முடியும். இங்கே கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. பகல் உணவுக்கு முன் நிலத்தடி இரண்டாம் தளத்தின் மறுமலர்ச்சி அறைகளை முடித்துவிடுவது நல்லது, அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மேல்தளங்களின் நவீன ஓவியங்களை வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை. மூடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு கூட்டம் குறைந்திருக்கும்போது மறுபடி சிஸ்டைன் மண்டபத்துக்கு இறங்கி, இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, வாசல் பக்கத்து நோவாவிலிருந்து யோனா வரை ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.